புது ஊரில் நம் பங்கு

(ஜூன் மாதத்தில் ஒலிபரப்பான வானொலி மறையுரை. நேயர்கள் கேட்டுக்கொண்டதால் நம் மடலில் அச்சாகிறது.)



மே மாதக் கடைசியில் சென்னையின் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு குட்டியானை வண்டி கண்ணில் படும். பீரோ, கட்டில், கிரைண்டர், பழைய வேட்டியில் கட்டிய பாத்திர மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரோஜாத் தொட்டி. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், மாதா சுரூபத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி வீட்டுப் பெரியம்மா ஒருவர். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு மாறியாக வேண்டும். குருக்களாகிய எங்களுக்கும் பணிமாற்றக் கடிதம் வருவது ஏறக்குறைய இந்த நாள்களில்தான். எங்கள் புத்தகப் பெட்டிகளும் இதே வண்டிகளில்தான் போகின்றன. ஆகவே இன்று புது ஊரில் குடியேறுவதைப் பற்றிச் சேர்ந்து சிந்திப்போம்.

புது ஊரில் முதல் மூன்று மாதத்துக்குள் நாம் எத்தனை வேலைகளை முடித்துவிடுகிறோம் பாருங்கள். வீட்டுக்காரருக்கு முன்பணம் கொடுத்தாகிவிடும். பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியாகிவிடும். கேஸ் இணைப்பு, ஆதாரில் முகவரி, ரேஷன் அட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடும். தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும், மீன் எந்தச் சந்தையில் புதிதாகக் கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும். பங்கு ஆலயத்தில் குடும்பத்தைப் பதிவது மட்டும் தள்ளிக்கொண்டே போகும். கேட்டால், "இன்னும் செட்டில் ஆகலை ஃபாதர், ஆனதும் வர்றோம்" என்போம். நான்கு வருடம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான்.

ஞாயிறு திருப்பலிக்கு வராமல் இருப்பதில்லை. வந்து பின்வாசல் பக்கம், கழற்றிவிட்ட செருப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிறோம். நற்கருணை வாங்கியதும் வண்டியை எடுக்கிறோம். பிள்ளைக்குத் திருமுழுக்கு ஊரில், புதுநன்மை ஊரில், மூத்தவளுக்கு ஓலை வாசித்ததும் ஊரில். கொடியேற்றத்துக்கும் சப்பரத்துக்கும் ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே போய்ச் சேர்கிறோம். சொந்த ஊரின் மீது உள்ள அந்தப் பாசம் கடவுள் தந்த கொடை; அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வீட்டில் வளரும் பிள்ளையைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். ஊருக்குப் போனால் அது "மெட்ராஸ் பிள்ளை". இங்கே மறைக்கல்வி வகுப்பில் அதன் பெயர் இல்லை, பீடச் சிறுவர் பட்டியலில் இல்லை, அன்பியத்தில் யாருக்கும் அதைத் தெரியாது. நாம் திரும்பிப் போவதற்காகக் காத்திருக்கிறோம். திரும்பிப் போக ஓர் ஊரே இல்லாத பிள்ளையை அதே வீட்டில் வளர்க்கிறோம்.

இப்படிக் காத்திருந்த மக்களுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம் திருவிவிலியத்தில் இருக்கிறது. எரேமியா நூலின் 29ஆம் அதிகாரம். கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நெபுகத்னேசர் எருசலேமைப் பிடித்து, அரசனையும் தலைவர்களையும் தச்சர், கொல்லர் முதலான கைவினைஞர்களையும் பெயர்த்துக்கொண்டு போனான். பின்னாளில் எஸ்ரா அதே பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வர நான்கு மாதம் ஆனது என்று அவருடைய நூல் சொல்கிறது, அவ்வளவு தொலைவு. ஆற்றங்கரை மரங்களில் யாழை மாட்டிவிட்டு அழுதவர்கள் இவர்கள்தாம். இவர்களுக்கு இரண்டு வகையான செய்தி வந்தது. அனனியா என்றொருவன், இறைவாக்கினன் என்ற பெயரோடு, இன்னும் இரண்டே ஆண்டு, எல்லோரும் வீடு திரும்பிவிடலாம் என்று கோவிலில் நின்று அறிவித்தான். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா அனுப்பிய கடிதம் எழுபது ஆண்டு என்றது.

எழுபது ஆண்டு என்றால் வாசித்தவர்களில் பெரும்பாலோர் திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். அதற்காக அழுங்கள் என்று எரேமியா எழுதவில்லை. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பழத்தை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடித்துப் பேரப்பிள்ளைகளைப் பாருங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த அந்த நகரின் நலனுக்காக உழையுங்கள், அதற்காக மன்றாடுங்கள், அதன் நலனில்தான் உங்கள் நலனும் இருக்கிறது என்று எழுதினார். தங்கள் கோவிலைக் கொள்ளையடித்த நகரத்துக்காக மன்றாட வேண்டும்! இதைப் படித்த ஒருவர் பாபிலோனிலிருந்தே எருசலேமுக்குப் பதில் எழுதி, இந்த எரேமியாவை ஏன் இன்னும் அடக்காமல் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் கோபத்தை நாம் புரிந்துகொள்ளலாம். வீடு கட்டு என்பது கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையில் நாளை ஓட்டுகிறவனுக்கு அது கல்லறை தோண்டு என்பதுபோல் கேட்கும்.

தோட்டம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கீரை விதைத்தால் மூன்று வாரத்தில் பறித்துவிடலாம். பழமரம் அப்படியல்ல. பழம் தின்னும்வரை இருப்பேன் என்று மனத்தில் முடிவு செய்தவன்தான் மரம் நடுவான்.

அவர்கள் நட்டார்களா? நட்டார்கள். ஈராக் நாட்டு மண்ணிலிருந்து வந்த களிமண் பலகைகள் சில நம் காலத்தில் வாசித்து வெளியிடப்பட்டுள்ளன. கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் யூதப் பெயர்கள் வருகின்றன: நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், வரி கட்டியவர்கள், பார்லியும் பேரீச்சையும் கடன் வாங்கியவர்கள். அவர்கள் வாழ்ந்த ஓர் ஊரின் பெயர் அல்-யாகுது. யூதாவின் ஊர் என்று பொருள். பாபிலோன் மண்ணில் சொந்த நாட்டின் பெயரிலேயே ஓர் ஊர்! பழைய ஊரின் பெயரும் போகவில்லை, புது ஊரின் நிலமும் தரிசாகக் கிடக்கவில்லை.

இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது, விரும்பி வந்தவர்களை மட்டும் நினைக்க முடிவதில்லை. நகரத்தின் நடுவில் ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் இருந்த குடிசைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்ட நம் சகோதர சகோதரிகள் இருக்கிறார்கள். வேலை ஓரிடத்தில், வீடு ஓரிடத்தில். விடியுமுன் பேருந்து பிடிக்க வேண்டும். இவர்களிடம் போய், எல்லாம் கடவுள் சித்தம், இங்கேயே சந்தோஷமாக இருங்கள் என்று போதிப்பது எரேமியாவின் பெயரைக் கெடுப்பதாகும்.  நகரின் நலனுக்காக உழைப்பது என்றால் பேருந்துக்காகவும் குடிநீருக்காகவும் பள்ளிக்காகவும் மனு எழுதுவதும் அதற்குள் வரும்.

இனி "செட்டில் ஆனதும் வருகிறோம்" என்ற பேச்சுக்கு வருவோம். திருச்சபைச் சட்டம் இதில் நம்மைவிட அவசரக்காரி. 1983-இல் வெளியான சட்டத்தொகுப்பின் 102ஆம் எண்ணைப் பாருங்கள். ஒரு பங்கின் எல்லைக்குள் நிலையாக இருக்கும் எண்ணத்தோடு குடியேறினால், அல்லது ஐந்தாண்டு அங்கே வாழ்ந்து முடித்தால், அது நம் உறைவிடம். குறைந்தது மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, அல்லது எண்ணமில்லாமல் மூன்று மாதம் கழிந்தாலும், அது நம் தற்காலிக உறைவிடம். இரண்டில் எது இருந்தாலும் அந்த ஊரின் பங்குத்தந்தை நம் பங்குத்தந்தை ஆகிவிடுகிறார் என்று 107ஆம் எண் சொல்கிறது. மனம் ஒட்டியதா, பக்கத்து வீட்டார் சிரித்தார்களா, சந்தா கட்டியாயிற்றா என்ற கேள்விகளே இல்லை. குடும்ப அட்டையும் பதிவேடும் வேண்டியவைதான். பங்கு நிர்வாகத்துக்கும் சான்றிதழ்களுக்கும் அவை உதவும். ஆனால் நாம் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் ஆனது அந்த அட்டையால் அல்ல. இங்கே அடுப்பு மூட்டி வாழத் தொடங்கியதால்.

பங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பரோய்க்கியா. அதற்கு முதற்பொருள் அந்நியராய்க் குடியிருத்தல். ஆங்கிலத்தின் பாரிஷ் அதிலிருந்து வந்ததுதான். புனித பேதுரு தம் முதல் திருமுகத்தில் கிறிஸ்தவர்களின் இவ்வுலக வாழ்வை இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார். அப்படியானால் பங்கு என்பது வெளியூர்க்காரர்களின் கூட்டம்! மூன்று தலைமுறையாக முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் அங்கே வெளியூர்க்காரரே. தமிழில் நம் முன்னோர் இதற்கு வைத்த பெயர் இன்னும் அழகு. பங்கு என்றால் பாகம். அண்ணன் தம்பிகள் வீட்டைப் பிரிக்கும்போது உன் பங்கு, என் பங்கு என்கிறோமே, அதே சொல். பங்குக்குப் பிச்சை கேட்பதுபோல் யாரும் வர வேண்டியதில்லை. பாகம் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், நம் பாகத்துப் பாரத்தையும் சேர்த்து. மாதக் கடைசிச் சனிக்கிழமை ஆலயம் கூட்டும் முறை வரும்போது துடைப்பம் எடுக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

இந்த இடத்தில் ஊரில் ஏற்கெனவே இருப்பவர்களாகிய நம் பக்கமும் திரும்பியாக வேண்டும். புதிதாக ஒரு குடும்பம் வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "நீங்க எந்த ஊர்?" அன்பான கேள்விதான். அடுத்த கேள்வி, "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது, "அப்பா பேரு என்ன?" நேயர்களே, மூன்றாவது கேள்வி வரும்போது எதிரே நிற்பவருக்கு வயிறு கலங்குகிறது. சாதியை நேராகக் கேட்க வெட்கப்பட்டு வரைபடம் வழியாகக் கேட்கிறோம். பதில் கிடைத்ததும் சிலருக்கு நாற்காலி வருகிறது, சிலருக்குத் தலையாட்டல் மட்டும் கிடைக்கிறது. சொந்த ஊரின் நினைவு இனிப்பாக இல்லாதவர்களும் நம்மோடு வந்து நிற்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். கல்லறைத் தோட்டத்திலும் குறுக்கே கோடு கிழித்து வைத்த ஊர்கள் கத்தோலிக்கராகிய நம்மிடையே உண்டு. அங்கிருந்து தப்பித்து வந்தவரிடம் அதே கோட்டை இங்கேயும் நீட்டிக் காட்டினால் அவர் எங்கே போவார்? "வாங்க, எந்தத் தெருவுல வீடு எடுத்திருக்கீங்க, தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். தொடங்குவதற்கு அதுவே போதும்.

ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்திருக்கும் இளைஞர்களில் கத்தோலிக்கர் பலர். தமிழ்த் திருப்பலியில் ஒரு வார்த்தையும் புரியாமல், எழும்போது எழுந்து முழந்தாளிடும்போது முழந்தாளிட்டுப் போகிறார்கள். சில பங்குகளில் அவர்களுக்காக மாதம் ஒருமுறை இந்தித் திருப்பலி வைக்கிறார்கள். அது முடியாத இடத்தில், திருப்பலி முடிந்ததும் ஒரு டம்ளர் தேநீர் கொடுக்க மொழி வேண்டியதில்லை.

திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரத்தில் ஒரு தம்பதியைச் சந்திக்கிறோம்: அக்கிலா, பிரிஸ்கில்லா. கருங்கடல் ஓரத்துப் போந்து நாட்டில் பிறந்த அக்கிலா, யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று பேரரசர் கிளவுதியு கட்டளையிட்டதால், மனைவியோடு கொரிந்துக்கு வந்து சேர்ந்தவர். கூடாரத் தொழில். அங்கே அவர்களே புதியவர்கள். வந்து எத்தனை நாளாயிற்றோ. அந்த வீட்டுக்கு இன்னொரு புதியவர் வருகிறார், அதே தொழில் தெரிந்தவர். அவர்தான் பவுல். தங்கிக்கொள்ளும் என்கிறார்கள். பிறகு எபேசுக்குக் குடிபெயர்கிறார்கள். கொரிந்தியருக்கு எழுதும்போது, அவர்கள் வீட்டில் கூடும் சபையும் வாழ்த்து அனுப்புகிறது. உரோமையருக்கு எழுதும்போது அவர்கள் மீண்டும் உரோமையில் இருக்கிறார்கள்; அங்கேயும் அவர்கள் வீட்டில் ஒரு சபை. நகரம் மாறிக்கொண்டே இருந்தது. வாடகை வீடோ சொந்த வீடோ, கதவு மட்டும் ஒரே மாதிரி திறந்திருந்தது. செட்டில் ஆனபிறகு செய்யலாம் என்று அவர்கள் இருந்திருந்தால் கொரிந்தில் பவுல் எங்கே தங்கியிருப்பார்?

குடியேறியவர்களின் வீடுகளில், சொல்லாமல் கிடக்கும் கேள்வி ஒன்று உண்டு. கணவர் இறந்தபின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்து தங்கிய அம்மாக்கள் அதைக் கேட்பார்கள். இரண்டாம் மாடி, கீழே இறங்க முழங்கால் விடாது, பேச ஆள் இல்லை, தொலைக்காட்சியில் திருப்பலி. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "எனக்கு ஒண்ணுன்னா என்னை எங்கடா வைப்பீங்க?" என்பார்கள். "சும்மா இருங்கம்மா" என்று மகன் பேச்சை மாற்றுவான். மாற்றாமல் கேட்க வேண்டிய கேள்வி அது. ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் அதைச் சொல்லி வைக்கட்டும், மகனும் வாக்குக் கொடுக்கட்டும். அதில் நம்பிக்கைக் குறைவு ஒன்றும் இல்லை. யாக்கோபும் எகிப்தில் சாகும்போது தன்னைக் கானானுக்குக் கொண்டுபோகச் சொல்லித்தான் செத்தார். ஆனால் ஆபிரகாமின் கதையையும் வைத்துப் பாருங்கள். சாரா இறந்ததும் இத்தியர் நடுவில் எழுந்து நின்று, நான் உங்களிடையே அந்நியன், குடியேறியவன் என்று சொல்லிக் கல்லறைக்கு இடம் கேட்டார். கிரேக்க விவிலியத்தில் அங்கே வரும் சொல் பரோய்க்கோஸ். பங்கு என்று பார்த்தோமே, அதே வேர். இலவசமாக எடுத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொல்லியும் 400 செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து மக்பேலாக் குகையை வாங்கினார். கடவுள் வாக்களித்த நாட்டில் ஆபிரகாம் விலை கொடுத்து வாங்கியதாக நாம் வாசிக்கும் முதல் நிலம் மனைவியை அடக்கம் செய்த இடம்.

ஜூன் 13-இல் நாம் கொண்டாடும் புனிதரைப் பற்றிப் பேசாமல் இந்த மாதத்தில் ஒரு மறையுரை முடியுமா? பதுவை அந்தோனியார் என்கிறோம். பதுவை அவர் பிறந்த ஊர் அல்ல. போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் பெர்னாண்டோ என்ற பெயரில் பிறந்தவர். போதிக்க மொராக்கோ போனார், நோயில் விழுந்தார், ஊர் திரும்பக் கப்பலேறினார், காற்று அவரை இத்தாலியின் சிசிலித் தீவில் கொண்டு சேர்த்தது. போக நினைத்த ஊரும் இல்லை, திரும்ப நினைத்த ஊரும் இல்லை. பிறகு இத்தாலியிலும் பிரான்சிலும் பல ஊர்களில் போதித்துவிட்டு, வாழ்வின் கடைசிக் காலத்தில்தான் பதுவையில் நிலைத்தார். அங்கே என்ன செய்தார்? அற்புதங்களை எல்லோரும் அறிவோம், செவ்வாய்தோறும் சொல்கிறோம். நகராட்சி ஏட்டில் பதிவான ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கடன் கட்ட முடியாத ஏழைகளைச் சிறையில் போடும் வழக்கம் அந்த நகரில் இருந்தது. 1231 மார்ச்சில் அங்கே ஒரு சட்டம் வந்தது: தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளியைக் கடனுக்காக மட்டும் சிறையில் அடைக்கக் கூடாது. சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளால் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வெளியூர்ச் சந்நியாசி ஒருவர் அந்த நகரத்து வட்டிக்கடைகளின் கணக்கில் கை வைத்திருக்கிறார்! கந்துவட்டியால் குடும்பங்கள் அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்தச் சட்டத்தின் விலை தெரியும்.

மூன்று மாதம் கழித்து, பதுவைக்கு வெளியே தங்கியிருந்தபோது நோய் முற்றியது. என்னைப் பதுவைக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்டார். மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நகருக்குள் நுழைய முடியாமல், வாசல் அருகே ஆர்செல்லா என்ற இடத்தில் உயிர் பிரிந்தது. லிஸ்பன்காரர்கள் இன்றும் அவரைத் தங்கள் அந்தோனியார் என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. சாகும் வேளையில் அவர் கேட்ட ஊர் பதுவை.

இப்போது, எரேமியா சொன்னபடி, நாம் வந்து சேர்ந்த இந்த நகரத்துக்காக மன்றாடுவோம்.

ஆண்டவரே, இன்றிரவு கட்டில் பூட்டாமல் தரையில் பாய் விரித்துப் புது வீட்டில் முதல் இரவு படுப்பவர்களைப் பாரும். நாளைக் காலை பெயர் தெரியாத வகுப்பறைக்குள் நுழையப்போகும் பிள்ளைகளின் பக்கத்தில் இடம் விட்டு உட்காரும் ஒரு பிள்ளையைத் தாரும். விடியுமுன் தண்ணீர் லாரி ஓட்டுபவரையும், குப்பை அள்ளுபவரையும், முதல் பேருந்தின் நடத்துநரையும், எங்கள் ஊர் அல்லாத ஊரிலிருந்து வந்து எங்கள் வீடுகளைக் கட்டுபவர்களையும் காத்தருளும். இரண்டாம் மாடியில் ஊரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் வீட்டுக் கதவை இந்த வாரம் எங்களில் யாராவது தட்டும்படி செய்தருளும். ஆமென்.